சோனுன் சித்தி சிந்திய தேநீர்

“இவங்க உள்ளூரா, வெளியூரா?”

லெனின் சிகரத்தின் அடிவாரத்தில், அச்சிக்தாஷ் புல்வெளியில் இருந்த மருத்துவக் கூடாரத்தில் டாக்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். கட்டிலில் கிடந்தவள் என் சித்தி சோனுன். வயது முப்பத்தொன்று. உதடுகள் கறுப்புத் திராட்சை தின்றவை போல இருந்தன. உள்ளூர் என்றாலும் உண்மை, வெளியூர் என்றாலும் உண்மை. எதைச் சொன்னால் அவள் பிழைப்பாள் என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். எனக்குப் பதினெட்டு வயது. பெயர் பெகிமாய். இந்த ஜூன் மாதம்தான் பள்ளிப் படிப்பை முடித்தேன். அழகாக எழுதத் தெரியாது. படிக்கிறவர்களுக்குப் புரிந்தால் போதும்.

சித்தி பிறந்ததே மேலேதான். எங்கள் ஊர் சாரி-மோகோல், கடல் மட்டத்திலிருந்து மூவாயிரம் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கோடை வந்தால் ஆடு, குதிரைகளோடு இன்னும் மேலே, துல்பார் ஏரிக்கரைக்குப் போய்விடுவோம். அது மூவாயிரத்து ஐந்நூறு. அங்கே ஒரு ஜூலை மாதம், ஆலங்கட்டி மழை கொட்டும்போது, கம்பளிக் கூடாரத்துக்குள் சித்தி பிறந்தாள். எசென் மாமா அதைச் சொல்லாத விருந்து கிடையாது.

“மழைக்குப் பயந்து குதிரைக்குட்டி ஒண்ண உள்ள கொண்டாந்து கட்டியிருந்தோம். திரும்பிப் பாத்தா ரெண்டு குட்டி கெடக்கு. எது நம்மளுதுன்னு தெரியல. கனைக்காததா பாத்து வச்சுக்கிட்டோம்.”

எசென் மாமா சித்திக்கு அண்ணன், என் அம்மாவுக்குத் தம்பி. சித்தி பிறந்தபோது அவருக்கே நாலு வயதுதான். இருந்தாலும் எல்லாவற்றையும் கூட நின்று பார்த்தவர்போலச் சொல்வார்.

பதினேழு வயதில் சித்தி மலையேறிகளின் முகாமில் உருளைக்கிழங்கு உரிக்கச் சேர்ந்தாள். மூன்றே வருடத்தில் சமையல் கூடாரம் முழுவதும் அவள் கைக்கு வந்துவிட்டது. லெனின் சிகரம் ஏறுவதற்கு எங்கெங்கிருந்தோ வருகிறவர்களுக்கு அவள்தான் சோறு போட்டாள். சமையலைவிட அவள் வேறொன்றுக்குப் பெயர் வாங்கினாள்.

எங்கள் வீடுகளில் தேநீரை அரைக் கிண்ணம்தான் ஊற்றுவோம். குடித்து முடித்ததும் மறுபடி ஊற்றலாம், மறுபடி பேசலாம். விளிம்புவரை ஊற்றி நீட்டினால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. சித்தி தன் முகாமில் இதை வைத்து ஒரு பரீட்சை ஏற்படுத்தினாள். அடுத்த முகாமுக்கு ஏறும் நாள் காலையில், ஒவ்வொருவர் கையிலும் தளும்பத் தளும்ப ஒரு கிண்ணம் கொடுப்பாள். அவர்கள் அதை ஏந்திக்கொண்டு குதிரை கட்டும் கயிறுவரை நடந்து திரும்ப வேண்டும். சிந்தாமல் வந்தால் மேலே போகலாம். சிந்தினால் கீழே. உயரம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கால் பின்னும், கை நடுங்கும், ஆனால் வாய் மட்டும் “எனக்கு ஒன்றுமில்லை” என்றே சொல்லும். கிண்ணம் பொய் சொல்லாது என்பாள். வழிகாட்டிகள் முதலில் சிரித்தார்கள். பிறகு அவர்களே ஆட்களை வரிசையில் நிறுத்த ஆரம்பித்தார்கள். ஒருமுறை ஆறரை அடி உயர ஜெர்மன்காரர் ஒருவர் சிந்திவிட்டு, இன்னொரு தடவை நடக்கிறேன் என்று அழுதாராம். சித்தி அவருக்கு ரொட்டியும் வெண்ணெயும் கட்டிக் கொடுத்து, குதிரையில் ஏற்றிக் கீழே அனுப்பிவிட்டாள்.

அப்புறம் அவள் மாஸ்கோ போனாள். எங்கள் தெருவில் பாதி வீட்டிலிருந்து யாராவது போயிருக்கிறார்கள், அப்படித்தான் அவளும் போனாள். முகாம் வேலை வருடத்தில் இரண்டு மாதம்தான், மீதிப் பத்து மாதம் என்ன செய்வது? அங்கே ஒரு தொழிற்சாலை உணவகத்தில் வேலை. ஆறு வருடம் ஊர்ப் பக்கம் வரவில்லை. தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசும்போது, நலம் விசாரிப்பதற்கு முன்பே, “பெகி, போனை அந்தப் பக்கம் திருப்பு” என்பாள். நான் ஜன்னல் வழியாகச் சிகரத்தைக் காட்டுவேன். மேகம் மூடியிருந்தால், “சரி, விலகினதும் கூப்புடு” என்று வைத்துவிடுவாள்.

இந்த ஜூன் கடைசியில் அவள் திரும்பி வந்தாள். கூட இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் லூபா அத்தை, அந்த உணவகத்தில் சித்திக்கு மேலே இருந்தவர், ஐம்பது வயது ருஷ்யப் பெண்மணி. நடந்தால் வீட்டுப் பலகைத் தரை சத்தம் போடும். இன்னொருவர் ரினாத், சித்தியைக் கட்டிக்கொள்ளப் போகிறவர். தாத்தார் இனத்துக்காரர், மாஸ்கோவில் பஸ் ஓட்டியவர். விடியற்காலை முதல் பஸ்ஸில் ஏறும் முதல் ஆள் சித்தியாம். குளிர்காலத்தில் ஒரு நாள் ஃபிளாஸ்க் மூடியில் அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்திருக்கிறாள்.

“பாதிதான் ஊத்துனா. ஏன் பாதின்னு கேட்டேன்,” என்று ரினாத் எங்கள் வீட்டில் முதல் நாள் சாப்பிடும்போது சொன்னார். “அப்பதானே மறுபடி கேப்பீங்கன்னா. மூணு வருஷமா கேட்டுக்கிட்டே இருக்கேன்.”

“நான் ஒரு வருஷம் இவளக் கஞ்சப் பிசினாறின்னே நெனச்சுட்டேன்,” என்றார் லூபா அத்தை. “விருந்துக்குக் கூப்புட்டு அரைக் கிண்ணம் டீ குடுத்தா என்ன நெனைக்கிறது?”

சித்தி ஊரோடு இருக்கவே வந்திருந்தாள். முகாமில் தலைமைச் சமையல்காரி வேலை அவளுக்கு மறுபடி கிடைத்திருந்தது. ரினாத் அங்கே லாரி ஓட்டலாம். ஒன்றே ஒன்றுதான் பாக்கி. சமவெளியில் பிறந்து வளர்ந்த அந்த மனிதருக்கு எங்கள் உயரம் ஒத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் கல்யாணம் முடிந்ததும் இரண்டு பேரும் மாஸ்கோவுக்கே திரும்ப வேண்டும்.

“அவனுக்குத் தலை வலிச்சா எனக்கு வீடு இல்ல,” என்று சித்தி அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அதனால் உடம்பைப் பழக்குவதற்கு அவளே ஒரு திட்டம் போட்டாள். முதல் இரண்டு இரவு எங்கள் வீட்டில். அடுத்து ஏரிக்கரைக் கூடாரத்தில் இரண்டு இரவு. நடுவில் ஒரு நாள் நாலாயிரத்து நூறு மீட்டர் கணவாய்வரை ஏறிவிட்டுத் தூங்குவதற்குக் கீழே இறங்கிவிடுவது. ஐந்தாம் நாள் கணவாயைத் தாண்டி, அவள் வேலை பார்க்கப்போகும் மேல் முகாம். அது நாலாயிரத்து நானூறு. குடும்பத்தோடு, சிநேகிதர்களோடு, அவசரமில்லாமல் போக வேண்டும் என்றாள். அம்மா, எசென் மாமா, நான், விருந்தாளிகள் இருவர், சித்தி என்று ஆறு பேர். மூட்டை சுமக்க இரண்டு குதிரைகள்.

திட்டத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதில் அவள் தன்னைச் சேர்க்கவில்லை. எங்களுக்கும் சேர்க்கத் தோன்றவில்லை.

சனிக்கிழமை மாலை வந்து இறங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகளை, “படுங்க, தண்ணி குடிங்க, படியேறாதீங்க” என்று மிரட்டிவிட்டு, சித்தி என்னையும் மாமாவையும் கூட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குக் குதிரையில் போய்விட்டாள். கூடாரம் போட வேண்டுமே. மரச்சட்டங்களைத் தூக்கினாள், கம்பளிகளை இழுத்தாள், ஏரியிலிருந்து தண்ணீர் சுமந்தாள். நடுவில் ஒருமுறை இடுப்பில் கை வைத்துக் குனிந்து நின்றாள்.

“என்னடி மாஸ்கோக்காரி, மூச்சு வாங்குது?” என்றார் மாமா.

“ஆறு வருஷம் லிஃப்ட்ல போய்ப் பழகிட்டேன்ணே. ரெண்டு நாள்ல சரியாயிரும்.”

அன்றிரவு அங்கேயே தூங்கினோம். மறுநாள் இறங்கிப்போய் விருந்தாளிகளை அழைத்துவந்தோம். திங்கட்கிழமை சாயங்காலமே அவளுக்கு இருமல் ஆரம்பித்தது. வறட்டு இருமல். உணவகத்துக் குளிர்சாதனப் பெட்டி அறையில் நின்று வந்தது என்றாள். அம்மா சூடான பாலில் வெண்ணெய் போட்டுக் கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை கணவாய்க்கு ஏறி இறங்கினோம். அந்த நாளை எத்தனையோ தடவை மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டேன். நடந்ததில் பாதி என் நினைவில் இல்லை, ஏனென்றால் நான் லூபா அத்தை பக்கத்திலேயே நடந்தேன். எனக்கு மாஸ்கோ போக வேண்டும். எங்கள் ஊரில் என் வயதுப் பெண் செய்வதற்கு என்ன இருக்கிறது? மாட்டுச் சாணத்தை வரட்டி தட்டி அடுக்குவது, அல்லது கல்யாணம். அத்தை நினைத்தால் அந்த உணவகத்தில் என்னைச் சேர்த்துவிடலாம். அதனால் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே போனேன். ஓர் அறையில் எத்தனை பேர், மெட்ரோவில் எப்படி வழி கண்டுபிடிப்பது, சாயங்கால வகுப்பில் படிக்க முடியுமா.

“மூச்சு விடுறதுக்கே எனக்குக் காத்து பத்தல, இதுல உனக்குப் பதில் வேற சொல்லணுமா?” என்றார் அத்தை. ஆனாலும் சொன்னார், நல்லவர்.

ரினாத் முன்னால் போனார். அவரை எல்லோரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஐம்பது அடிக்கு ஒருமுறை யாராவது, “தல வலிக்குதா?” என்பார்கள். மாமா காய்ந்த தயிர் உருண்டைகளை அவர் வாயில் திணித்தபடியே இருந்தார்.

“மச்சான், தல வலிக்கல. பல்லுதான் வலிக்குது. இது தயிரா, கல்லா?”

“கல்லுதான் மாப்பிள்ள. மெல்லு. பல்லு போனா பரவால்ல, தல இருக்கணும்.”

சித்தி கடைசியில் வந்தாள். வெங்காயப் புல்வெளியில் மூன்று தடவை உட்கார்ந்தாள். காட்டு வெங்காயம் பறிக்கிறாள் என்று நினைத்தோம். கையில் நாலு தழைதான் இருந்தது.

புதன்கிழமை காலை வெயில் நன்றாக அடித்தது. சிகரத்தில் ஒரு மேகம்கூட இல்லை. ரினாத் விசிலடித்துக்கொண்டே எழுந்து ஏரியில் முகம் கழுவினார். சித்தி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டு கிண்ணங்களைத் தளும்பத் தளும்ப நிரப்பினாள்.

லூபா அத்தை முதலில் நடந்தார். மாதா கோயில் மெழுகுவர்த்தி போலக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு, “சிந்துனா வேலைய விட்டுத் தூக்கிருவியா சோனுன்? ஆறு வருஷம் உனக்கு மேல இருந்தவ நானு” என்றபடி போய் வந்தார். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. ரினாத் ஒரு கையைப் பையில் விட்டுக்கொண்டு நடந்தார். கயிறுவரை போய்த் திரும்பி வந்து, மொத்தத்தையும் ஒரே மூச்சில் குடித்துக் கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினார்.

“நீயும் நட,” என்றார் லூபா அத்தை சித்தியிடம். “எங்கள மட்டும் நடக்க விட்டு வேடிக்க பாக்குற?”

“நானா? எனக்கு எதுக்கு? இது கீழருந்து வர்றவங்களுக்கு.”

“குதிரக்குட்டியப் போய் நடந்து காட்டச் சொல்றீங்களே அத்தாச்சி,” என்றார் மாமா. எல்லோரும் சிரித்தோம். சித்தியும் சிரித்தாள், சிரிப்பு இருமலாகி வெகுநேரம் நிற்கவில்லை.

பிறகு அவரவர் மூட்டை கட்டப் போனார்கள். நான் சித்திக்குத் தேநீர் ஊற்றினேன். எங்கள் வழக்கப்படி அரைக் கிண்ணம். அவள் வாங்கினாள். வாய்க்குக் கொண்டுபோகும்போது கை ஆடியது. அரைக் கிண்ணம் எப்படிச் சிந்தும்? சிந்தியது. முழங்காலில் கொட்டி, பாவாடையில் வட்டமாகப் பரவியது. அவள் தலைத்துணி முனையால் அதைத் துடைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“சொல்லாத பெகி.”

“சித்தி, நீங்க இன்னைக்கு இங்கயே படுத்திருங்களேன்.”

“நான் இல்லாம மேல அடுப்ப யாரு பத்த வப்பா? அவன் இன்னைக்குத்தான் விசிலடிச்சுக்கிட்டு எந்திரிச்சிருக்கான். நான் படுத்தேன்னா அவனும் போக மாட்டான். அந்த எடத்த அவன் பாக்கணும்டி. பாத்துட்டான்னா இருந்துருவான்.”

நான் சொல்லவில்லை. சித்தி பேச்சைத் தட்டக்கூடாது என்பது ஒரு காரணம். இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். பயணம் நின்றால் லூபா அத்தை அன்றைக்கே ஊர் திரும்பிவிடுவாரோ, என் மாஸ்கோ பேச்சு பாதியில் நின்றுவிடுமோ என்றும் நினைத்தேன். அது ஒரு கண நினைப்புதான். ஆனால் நினைத்தேன்.

நடுப்பகலில் மேல் முகாம் போய்ச் சேர்ந்தோம். பனியாறு கண்ணைக் கூச வைத்தது. மஞ்சள் கூடாரங்கள் பாதி போட்டும் பாதி போடாமலும் இருந்தன. வேலைக்காரர்கள் இன்னும் வரவில்லை. சமையல் கூடாரம் மட்டும் தயாராக நின்றது. சித்தி வாசலில் ரினாத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, உள்ளே அடுப்பு எங்கே, மாவு மூட்டை எங்கே, எந்த ஜன்னலில் சிகரம் தெரியும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் நின்று மூச்சு எடுத்தாள். பிறகு மாவு மூட்டைமேல் உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை.

சளி என்றாள் அம்மா. படுக்கவைத்து மூன்று கம்பளி போர்த்தினாள். ஆட்டுவால் கொழுப்பு போட்டுச் சூப்பு வைத்தாள். சித்தியால் படுக்க முடியவில்லை, உட்கார்ந்தே இருக்க வேண்டும் என்றாள். நாங்கள் சூப்பு கொதிப்பதற்குக் காத்திருந்தோம். ஆறுவதற்குக் காத்திருந்தோம். அவளுக்கு வியர்க்கட்டும் என்று காத்திருந்தோம். இப்படியே இரண்டு மணி நேரம் போய்விட்டது.

ரினாத் அவள் முதுகில் காதை வைத்துக் கேட்டார். அவர் முகம் மாறியது.

“மச்சான், உள்ள என்னவோ கொதிக்குது. ரேடியேட்டர்ல தண்ணி கொதிக்கிற மாதிரி. கீழ போலாம்.”

“மாப்பிள்ள, சளி கட்டுனா அப்படித்தான் இருக்கும். இவ இங்க பொறந்தவ. மல இவள ஒண்ணும் பண்ணாது. நீ உன் தலையப் பாத்துக்க.”

“என் தலைக்கு ஒண்ணுமில்ல மச்சான். இவ ஒதட்டப் பாருங்க.”

“அடுப்புப் பொக.”

அப்போதுதான் நான் சொன்னேன். “காலைல சித்தி தேநீர சிந்திட்டாங்க. அரைக் கிண்ணந்தான் குடுத்தேன்.”

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். “எப்ப?” என்று மட்டும் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் எசென் மாமா வெளியே போய்விட்டார். குதிரைக்குச் சேணம் கட்டும் சத்தம் கேட்டது.

அங்கிருந்து கீழே போவதற்கே ஓர் ஏற்றம் உண்டு. நடுவிலுள்ள பள்ளத்தில் இறங்கி, கணவாய்வரை மறுபடி ஏறித்தான் அந்தப் பக்கம் இறங்க வேண்டும். ரினாத் குதிரைமேல் பின்னால் உட்கார்ந்து அவளைத் தன் மார்போடு சாய்த்துப் பிடித்துக்கொண்டார். மாமா கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனார். நான் குதிரையின் வாலைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். அம்மாவும் லூபா அத்தையும் பின்தங்கிவிட்டார்கள். கணவாய் உச்சியில் மாமா ஒரு நிமிடம் நிறுத்தினார். சித்தி கண்ணைத் திறந்து, தலையை மெல்லத் திருப்பி ரினாத்தைப் பார்த்தாள்.

“தல வலிக்குதா உனக்கு?”

“இல்ல சோனு. வலிக்கல.”

அவள் தலையை ஆட்டினாள். நான் கேட்க அவள் பேசியது அதுதான் கடைசி.

அச்சிக்தாஷ் புல்வெளிக்கு வந்து சேரும்போது மாலை ஐந்து. டாக்டர் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வந்த இளம்பெண். நாங்கள் உள்ளே போனதும் அவர் நாடி பார்த்தபடியே என்னிடம் கேட்ட கேள்வியைத்தான் முதலில் எழுதினேன். நான் விழித்துக்கொண்டு நின்றேன். மாமா, “உள்ளூரு, உள்ளூரு, நிமோனியா” என்றார். ரினாத்தான் சொன்னார்.

“ஆறு வருஷம் மாஸ்கோல இருந்தா. இன்னைக்கு அஞ்சாவது நாள். ரெண்டாவது நாளே மேல வந்துட்டா.”

டாக்டர் ஒரு கணம் கையை நிறுத்தினார். பிறகு வேகமாக எல்லாம் நடந்தது. மூக்கில் பிராணவாயு, கையில் ஊசி, வண்டியைக் கொண்டுவரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். தானும் கூட வருகிறேன் என்று டாக்டர் ஏறிக்கொண்டார். நாங்கள் ஊரை நோக்கி இறங்கினோம். தூரத்தில் எங்கள் வீட்டுக் கூரைகள் தெரிய ஆரம்பித்தன. ஆற்றைக் கடக்கும் இடத்தில் வண்டி குலுங்கி ஏறியபோது, டாக்டர் சித்தியின் கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தார். நாடி கிடைக்கவில்லை, வைத்த விரலை எடுக்கவேயில்லை. வெயில் இன்னும் இருந்தது. வண்டியின் பின்கண்ணாடியில் சிகரம் முழுசாகத் தெரிந்தது.

டாக்டர் பிறகு எங்களிடம் பொறுமையாகச் சொன்னார். உயரத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களின் உடம்பும் கீழே போய் நாளானால் அந்த உயரத்தை மறந்துவிடும். திரும்பி வந்ததும் ஓடியாடி வேலை செய்தால் நுரையீரலில் நீர் கோத்துவிடும். சமவெளிக்காரர்களுக்கு வருவதைவிட இவர்களுக்குச் சில நேரம் மோசமாகவும் வரும். ஏனென்றால் சமவெளிக்காரர்களை எல்லோரும் கவனிப்பார்கள், இவர்களை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

“என்னம்மா பண்ணியிருக்கணும்?” என்று அம்மா கேட்டாள்.

“விருந்தாளிங்க கூடவே இவங்களையும் படுக்க வச்சிருக்கலாம். இருமல் வந்ததுமே கீழ கொண்டாந்திருக்கலாம்.”



மறுநாள் வீட்டு முன்னால் துக்கக் கூடாரம் போட்டோம். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் போட்ட அதே கூடாரம்தான், மாமா ஒரே ஆளாகப் போய்ப் பிரித்துக்கொண்டு வந்தார். உள்ளே பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். வெளியே ஆண்கள் இடுப்பில் கச்சை கட்டி, கோலூன்றிக் குனிந்து நின்று அழுதார்கள். சொந்தக்காரர்கள் மட்டும்தான் அந்த வரிசையில் நிற்கலாம். ரினாத் சற்றுத் தள்ளி, தெருவில் நின்ற ஒரு லாரியின் சக்கரத்தில் சாய்ந்து நின்றார். கல்யாணம் ஆகவில்லை, அவர் எங்களுக்கு யார் என்று சொல்ல ஒரு சொல் இல்லை. வந்தவர்கள் அவரைத் தாண்டித் தாண்டிப் போனார்கள்.

எசென் மாமா வரிசையிலிருந்து வெளியே வந்தார். தன் இடுப்பிலிருந்த கச்சையை அவிழ்த்து ரினாத்தின் இடுப்பில் கட்டினார். கோலை அவர் கையில் கொடுத்தார்.

“வா மாப்பிள்ள. என் பக்கத்துல நில்லு.”

“எனக்கு எப்படி அழணும்னு தெரியாது மச்சான்.”

“யாருக்குத்தான் தெரியும்? குனிஞ்சுக்க. அது தானா வரும்.”

மாமா அந்தக் குதிரைக்குட்டிக் கதையை அப்புறம் ஒரு நாளும் சொல்லவில்லை. அன்றைக்கு வந்தவர்களில் ஒரு கிழவர் சொல்லச் சொன்னார். மாமா எழுந்து வெளியே போய்விட்டார்.

இது செப்டம்பர். ஏரிக்கரையிலிருந்து எல்லோரும் இறங்கிவிட்டார்கள். நாற்பதாம் நாள் காரியம் முடிந்ததும் ரினாத் போய்விடுவார் என்று நினைத்தோம். போகவில்லை. எங்கள் பின்னறையில்தான் இருக்கிறார். ஓஷ் நகரத்துக்கும் ஊருக்கும் நடுவில் வாடகை வண்டி ஓட்டுகிறார். அவருக்கு ஒரு நாள்கூடத் தலை வலித்ததில்லை. அம்மா காலையில் அவருக்கு அரைக் கிண்ணம் ஊற்றுவாள். அவர் குடித்துவிட்டு மறுபடி நீட்டுவார்.

விமான நிலையத்திலிருந்து வருகிறவர்கள் அவர் வண்டியில்தான் ஏறுகிறார்கள். ஏறியதும் அவர் கேட்கும் முதல் கேள்வி, “எத்தன வருஷம் கழிச்சு வர்றீங்க?” என்பதுதான். இரண்டு வருடம், நாலு வருடம் என்பார்கள். “வீட்டுல போய் அஞ்சு நாள் சும்மா உக்காருங்க. மேய்ச்சலுக்குப் போகாதீங்க, தண்ணி தூக்காதீங்க. இருமல் வந்தா யாருகிட்டயாவது சொல்லுங்க” என்பார். நிறையப் பேர் கோபித்துக்கொள்கிறார்கள். போன வாரம் ஒருவர், “சமவெளிக்காரன் எனக்கு என் மலையச் சொல்லிக்குடுக்குறியா?” என்று கேட்டுவிட்டுப் பாதி வழியில் இறங்கிக்கொண்டார். ரினாத் அவர் பெட்டியை மட்டும் வண்டியில் வைத்துக்கொண்டு, மெதுவாக அவர் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு வந்தாராம். மனிதர் மூச்சு வாங்கி மறுபடி ஏறும்வரை.

லூபா அத்தை கடிதம் போட்டிருக்கிறார். எனக்கு இடம் காலியாக வைத்திருக்கிறாராம், சித்தி நின்ற இடம். அடுத்த மாதம் போகிறேன். போகக்கூடாது என்று அம்மா சொல்லவில்லை. எத்தனை வருடத்தில் திரும்புவேன் என்று தெரியாது. திரும்பும்போது நானும் துள்ளிக்கொண்டுதான் இறங்குவேன், இது என் ஊர், எனக்கு என்ன ஆகும் என்று. அன்றைக்கு யாராவது என்னைப் பிடித்து உட்கார வைக்க வேண்டும்.

டாக்டரின் கேள்விக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இவ்வளவுதான்: உள்ளூர்க்காரி, ஊருக்கு வந்து ஐந்து நாள்தான் ஆகிறது.

இதைப் படிக்கிறவர்களே, உங்களுக்குத் தெரிந்த மலையூர்க்காரர்கள் யாராவது கீழே சமவெளி நாடுகளில் வேலை செய்தால், அவர்கள் ஊர் திரும்புவதற்கு முன்னால் சோனுன் சித்தியைப் பற்றிச் சொல்லுங்கள். அவள் பெயரை மறந்தாலும் பரவாயில்லை, சிந்திய தேநீரைச் சொல்லுங்கள். கேட்டவர்களிடம் இன்னொருவருக்குச் சொல்லச் சொல்லுங்கள்.